எலி, கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி: எந்த அறிகுறிக்கு எங்க பாக்கணும் (எஸ்டேட் லயம், தாமான்னு சொல்ற குடியிருப்புல பழைய வீடு, கடை வீடு, ஃப்ளாட்)

நான் பெஸ்ட் கண்ட்ரோல் ஆளு இல்ல. மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயாவுல, நம்ம பழைய ஆளுங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை தான், வீட்டு ரிப்பேர் வேலை செய்யுறவன். கூரை ஒழுகுதுன்னு கூப்பிடுவாங்க, மேல ஏறிப் பாத்தா எலிக் கூடு. கதவு சாத்த வரலன்னு கூப்பிடுவாங்க, தட்டிப் பாத்தா ஃப்ரேம் உள்ள கரையான். இப்படியே பாத்து பாத்து எனக்குன்னு ஒரு வரிசை வந்துருச்சு, அதைத் தான் எழுதுறேன். செலவு இல்லாதது முதல்ல, செலவு உள்ளது கடைசில.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு: ரெண்டு ராத்திரிக்கு ஸ்ப்ரே டின்னைத் தொடாதீங்க. மருந்து அடிச்சுட்டா பூச்சி கலைஞ்சு போயிரும், எங்க இருந்து வருதுன்னு அப்பறம் கண்டுபிடிக்கவே முடியாது. ராத்திரி 11 மணிக்கு மேல விளக்கை அணைச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு டார்ச் லைட்டோட சமையல்கட்டுக்குள்ள போங்க. அந்த ஒரு நடை போதும், பாதி விஷயம் தெரிஞ்சுரும்.

அறிகுறி 1: சீலிங் மேல சத்தம்

சத்தம் எப்படி, எத்தனை மணிக்கு, அதை முதல்ல கவனிங்க.

*ராத்திரி, குடுகுடுன்னு ஓடுது, சுரண்டுது*

கூரை எலி. நூத்துல தொண்ணூறு வீட்டுல இது தான்.

முதல்ல வெளிய போய் அண்ணாந்து பாருங்க. மாமரம், ரம்புத்தான் கிளை கூரையைத் தொடுதா? வெட்டுங்க, ஒரு மீட்டராவது தள்ளி இருக்கணும். ஆஸ்ட்ரோ டிவி வயரு, கரண்டு வயரு வழியாவும் ஓடி வரும், அதை நாம ஒண்ணும் பண்ண முடியாது, வயரு வீட்டுக்குள்ள நுழையுற ஓட்டையை அடைக்கலாம்.

அடுத்து கூரை ஓரம். தகரக் கூரைல அலை அலையா இருக்குற அந்த இடைவெளி, பழைய ஓட்டுக் கூரைல நகந்து போன ஓடு. பெரிய எலி நுழைய 12 மில்லிமீட்டர் போதும், சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சில் நுழைஞ்சா சுண்டெலியும் நுழையும். நிறைய பேரு ஃபோம் அடிச்சு விட்டுருவாங்க, எலி அதை ஒரே ராத்திரில கடிச்சுத் துப்பிரும். ஸ்டீல் வுல் திணிச்சு மேல சிமெண்ட் பூசுங்க, பெரிய இடைவெளின்னா ஹார்ட்வேர் கடைல சின்னக் கண்ணு கம்பி வலை வாங்கி அடிங்க.

அதுக்கும் அப்பறம் வர்றது தான் வரிசை வீட்டுப் பிரச்சினை. பழைய தெராஸ் வீடு பல இடத்துல நடுச் சுவர் சீலிங் வரைக்கும் தான் இருக்கும், கூரை வரைக்கும் போகாது. லயத்துல கேக்கவே வேணாம், பத்து வீட்டுக்கும் ஒரே கூரை, நடுவுல பலகை. அப்ப நீங்க உங்க வீட்டை மட்டும் அடைச்சா எலிக்கு அது ஒரு பொருட்டே இல்ல, நாலாவது வீட்டுல ஏறி உங்க வீட்டுல தூங்கும். சீலிங் மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க, பக்கத்து வீட்டு விட்டம் தெரிஞ்சா நீங்க தனியா ஜெயிக்க முடியாது, பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்க. ஒரு எச்சரிக்கை: பழைய சீலிங் சீட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உடைக்காதீங்க, அறுக்காதீங்க, மூடி இருக்குற இடத்துல மட்டும் திறங்க.

பொறி வைக்கிறதுல ஒரு பொறுமை வேணும். எலிக்கு புதுப் பொருளைக் கண்டா பயம், நாலு நாளைக்கு கிட்டயே வராது. அதனால முதல் மூணு நாலு நாள் பொறியை செட் பண்ணாம கருவாட்டுத் துண்டோ நெத்திலியோ தேங்காயோ சும்மா வச்சு தின்ன விடுங்க, அப்பறம் செட் பண்ணுங்க. சுவர் ஓரமா வைக்கணும், நடு ஹால்ல வச்சா படாது. ஒட்டுற பலகை எனக்குப் பிடிக்காது, விடிய விடிய கத்திக்கிட்டு கெடக்கும், பிள்ளைங்க பாத்துட்டு அழுவுதுங்க.

நம்ம ஊருல இன்னொரு காரணம் இருக்கு. செம்பனை கிழடாகி மறுநடவு செய்வாங்கல்ல, சுமார் 25 வருசத்துக்கு ஒரு தடவை, அந்தப் பக்கம் மரம் சாயுற மாசம் என் ஃபோன் ஓயாது. எலிக்கும் வீடு போச்சு, நம்ம வீட்டுக்கு வருது. எஸ்டேட்காரங்க எலியைப் பிடிக்க பெட்டி வச்சு கூகை ஆந்தை வளக்குறதைப் பாத்திருப்பீங்க. வீட்டுல எலி மருந்து வச்சா, அதைத் தின்ன எலியை ஆந்தை பிடிச்சா ஆந்தைக்கும் அந்த விஷம் போகும், பூனை நாய்க்கும் அப்படித் தான். அதனால பொறி தான் முதல்ல.

*ராத்திரி, ஆளு நடக்குற மாதிரி தம் தம்னு, சில நேரம் பாண்டான் இலை வாசம்*

மூசாங், அதாவது மரநாய். பேய் பிசாசு எதுவும் இல்ல (ஒரு பாட்டி வீட்டுல மூணு தடவை பூஜையே போட்டுருந்தாங்க). அடிக்காதீங்க, மருந்து வைக்காதீங்க, வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தானுக்கு சொல்லுங்க. ஓட்டையை அவசரப்பட்டு அடைக்கவும் வேணாம், குட்டி உள்ள மாட்டிக்கும், அப்பறம் தாய் சீலிங்கைக் கிழிச்சுட்டு ஹாலுக்குள்ள வரும்.

*பொழுது சாயுற நேரம் படபடப்பு, சுவர் ஓரமா கறுப்பு எச்சம்*

வௌவால். இதுவும் பெர்ஹிலித்தான் வேலை.

அறிகுறி 2: புழுக்கை கெடக்கு, என்னன்னு தெரியல

ஒரு ஓரத்துல வெள்ளைப் புள்ளி இருந்தா பல்லி. விட்டுருங்க, அது நம்ம ஆளு. அரிசி மணி அளவுன்னா சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல, ரெண்டு பக்கமும் கூர்மையா இருந்தா கூரை எலி. ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட, முனை மழுங்கி இருந்தா லோங்காங் (சாக்கடை) பெருச்சாளி, அது பெரும்பாலும் மேல ஏறாது, கீழ தான் பாக்கணும், சமையல்கட்டு சிங்க் அடி, பின்னாடி கோழிக் கூண்டு.

நீட்டு மூக்கு, கீச் கீச்னு சத்தம், ஒரு மாதிரி வீச்சம்னா அது மூஞ்சூறு. எலியே கிடையாது, பூச்சியைத் தின்னுற பிராணி. பிள்ளையார் வாகனம்னு பெரியவங்க அடிக்க விடமாட்டாங்க, எனக்கும் அது சரின்னு தான் படுது. கதவு அடி இடைவெளியை ரப்பர் பட்டை வச்சு மூடுங்க, போதும்.

எதுவா இருந்தாலும் காய்ஞ்ச புழுக்கையை விளக்குமாறால கூட்டாதீங்க. கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து ஊத்தி, அஞ்சு பத்து நிமிசம் ஊறவிட்டு துணியால தொடைச்சு எடுங்க. எலி மூத்திரத்துல இருந்து வர்ற காய்ச்சல், கெஞ்சிங் தீக்குஸ்னு சொல்றாங்களே, அது உயிரையே எடுக்கும். வெள்ளம் வடிஞ்ச பிறகு வீடு கழுவினவங்களுக்கோ எலி இருக்குற வீட்டுல இருக்குறவங்களுக்கோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா கிளினிக் போய், எலி இருக்குன்னு நீங்களே வாய் திறந்து சொல்லுங்க.

சாமி ரூம்ல விளக்குத் திரி காணாமப் போகுதா? எலி தான், எண்ணெய்க்காக இழுத்துட்டுப் போகும். எரியுற திரியை இழுத்துட்டுப் போனா வீடு என்னாகும்னு யோசிச்சுக்கங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி அணைச்சு திரியை எடுத்துருங்க, பொன்னி அரிசி மூட்டையையும் மூடி போட்ட டப்பாவுக்கு மாத்துங்க.

*வயரு கடிபட்டு இருக்கு, ட்ரிப் ஆவுது:* இங்க நிறுத்துங்க. மெயின் சுவிட்சை அணைச்சுட்டு லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்க, டேப் சுத்துற வேலை எல்லாம் வேணாம்.

*செத்த நாத்தம்:* யாரோ மருந்து வச்சிருக்காங்க, நீங்க இல்லன்னா பக்கத்து வீடு. எலி மருந்து உடனே கொல்லாது, சில நாள் கழிச்சு சீலிங் உள்ளயோ சுவர் உள்ளயோ போய் சாகும். ஈ எங்க மொய்க்குதோ அங்க தேடுங்க. கை எட்டலன்னா காய்ஞ்சு போற வரைக்கும் பொறுத்துக்கணும், வேற வழி இல்ல.

அறிகுறி 3: கரப்பான்

பெருசா சின்னதா? இந்த ஒரு கேள்வி தான்.

*பெருசு, நாலு சென்டிமீட்டர், செம்பழுப்பு, அப்பப்ப ஒண்ணு ரெண்டு*

லோங்காங், செப்டிக் டேங்க்ல இருந்து வருது. முதல் பரிசோதனைக்கு காசே வேணாம்: யாரும் புழங்காத பின் பாத்ரூம் இருக்கா? அங்க தரை ஓட்டைல தண்ணி காய்ஞ்சு போயிருக்கும். அந்தத் தண்ணி தான் குழாய்க்கு கதவு. வாரம் ஒரு வாளி ஊத்துங்க. பல வீட்டுல இதோட முடிஞ்சுரும், நான் சம்பளம் வாங்கவே கூச்சப்படுவேன். அதுக்கும் நிக்கலன்னா தரை ஓட்டைக்கு வலை மூடி, சிங்க் குழாய் சுவருக்குள்ள போற இடத்துல சிமெண்ட். அப்பவும் வருதுன்னா செப்டிக் மூடி உடைஞ்சிருக்கான்னு பாருங்க.

*சின்னது, ஒன்றரை சென்டிமீட்டர், கழுத்துக்குப் பின்னாடி ரெண்டு கறுப்புக் கோடு, கூட்டமா*

இது ஜெர்மன் கரப்பான், இது தான் தலைவலி. லோங்காங்ல இருந்து வராது, வீட்டுக்குள்ளயே குடும்பம் நடத்தும். முட்டை அட்டை, வெங்காய அட்டைப்பெட்டி, செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ் வழியா வரும். பொட்டை முட்டைப் பையை பொரியுற வரைக்கும் கூடவே தூக்கிக்கிட்டு திரியும், ஒரு பைல 30, 40 முட்டை.

எங்க பாக்கணும்: ஃப்ரிட்ஜ் மோட்டார் கிட்ட, சோத்துச் சட்டி அடில, கேஸ் அடுப்புக்குக் கீழ, கேபினட் கீல் ஓரம். சூடும் ஈரமும் இருக்குற இடம். ஒட்டுற அட்டை நாலு வாங்கி தேதி எழுதி நாலு இடத்துல வைங்க, மூணு நாள்ல எதுல அதிகம் மாட்டுதோ கூடு அங்க.

அப்பறம் ஜெல். சிரிஞ்சு மாதிரி டியூப்ல விக்கும், பச்சைப்பயறு அளவுல சின்னச் சின்னப் பொட்டா பல இடத்துல வைங்க, மொத்தமா பிதுக்காதீங்க. ஜெல் வச்ச இடத்துல ஸ்ப்ரே அடிச்சா கரப்பான் அதைத் தின்னாது, ரெண்டும் வீண். ராத்திரி சிங்க்ல ஒரு சொட்டு தண்ணி இல்லாம தொடைச்சு விடுங்க, தண்ணியும் சோறும் வெளிய கெடைச்சா ஜெல்லை எதுக்குத் தின்னப் போகுது? ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வைங்க. ரெண்டு மாசம் இப்படிச் செஞ்சும் குறையலன்னா, இல்ல பகல்லயே சுவர்ல நடமாடுதுன்னா, ஆளைக் கூப்பிடுற நேரம் வந்துருச்சு.

அறிகுறி 4: எறும்பு வரிசை

ஸ்ப்ரே அடிக்காதீங்க. சில எறும்பு ஜாதி, அடிச்சா கூடு ரெண்டு மூணாப் பிரிஞ்சு போயிரும், சமையல்கட்டுல இருந்தது படுக்கை ரூம்லயும் வரும். அரை லிட்டர் தண்ணி, 50 கிராம் சீனி, 5 கிராம் போரிக் ஆசிட், பஞ்சுல நனைச்சு பிள்ளைங்க கை எட்டாத இடத்துல வைங்க. முதல் ரெண்டு நாள் எறும்பு அதிகமா வரும், வரட்டும், அது தான் வேணும். இதுக்கு ஆளைக் கூப்பிடத் தேவையே இல்ல.

அறிகுறி 5: மரத்துல தூள், சுவர்ல மண் கோடு, தரையில இறக்கை

*மாவு மாதிரி மெல்லிசான தூள், மரத்துல குண்டூசி ஓட்டை*

பூபுக், மரத்தைத் துளைக்கிற வண்டு. ரப்பர் மரத்துல செஞ்ச கட்டில், நாற்காலிக்கு இது அதிகம் வரும். அந்தச் சாமானை மட்டும் வெளிய எடுங்க, வீட்டுக்கு ஆபத்து கம்மி.

*கசகசா மாதிரி குட்டிக் குட்டி மணி, குவியலா*

காய்ஞ்ச மரத்துக் கரையான். லென்ஸ் வச்சுப் பாத்தா அந்த மணிக்கு ஆறு பக்கம் இருக்கும். மண் தேவையில்ல, மரத்துக்குள்ளயே வாழும். அலமாரி ஒண்ணுலன்னா தூக்கிப் போட்டுருங்க. கூரைக் கட்டைல இருந்து கொட்டுதுன்னா ஆளைக் கூப்பிடுங்க.

*சுவர்ல, கதவு ஃப்ரேம் ஓரமா பென்சில் கனத்துக்கு மண் கோடு*

மண் கரையான். இது தான் வீட்டைத் தின்னுற ஆளு. நம்ம பக்கம் நிறைய தாமான் பால்மர (ரப்பர்) தோட்டத்தை அழிச்சு கட்டினது, அடி மரத்தைச் சரியாத் தோண்டி எடுக்காம மேல மண்ணைக் கொட்டி வீடு கட்டியிருப்பாங்க, அந்தக் கட்டையே கரையானுக்கு சத்திரம். பால்மரத்தைத் தின்னுற அதே ஜாதிக் கரையான் வீட்டையும் தின்னும்.

பரிசோதனை: கோட்டுல ஒரு இஞ்ச் மட்டும் உடைங்க. வெள்ளைப் பூச்சி ஓடுதா? இல்லன்னா மூணு நாள் கழிச்சு பாருங்க, உடைச்ச இடத்தைத் திரும்பப் பூசியிருந்தா உயிரோட இருக்கு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால ஃப்ரேமைத் தட்டுங்க, டொக் டொக்னு காலியா கேட்டா உள்ள ஒண்ணும் இல்ல, பெயிண்ட் மட்டும் நிக்குது.

நீங்க செய்யக் கூடியது: சுவர்ல சாஞ்சு கெடக்குற பலகை, அட்டைப்பெட்டி, விறகை அகத்துங்க, ஒழுகுற குழாயைச் சரி பண்ணுங்க. செய்யக் கூடாதது: ஸ்ப்ரே, மண்ணெண்ணெய், கொதிக்கிற தண்ணி. அந்தக் கோட்டை விட்டுட்டு வேற பக்கம் ஏறும், அவ்வளவு தான். ஒரு வீட்டுல ஐயா ரெண்டு வருசமா மண்ணெண்ணெய் ஊத்திக்கிட்டே இருந்தாரு, "அடங்கிருச்சு தம்பி"ன்னு சந்தோசமா சொன்னாரு, நான் சீலிங் மூடியைத் திறந்தேன், விட்டத்துல கை வச்சா விரல் உள்ள போவுது.

மண் கரையான்னு உறுதியானா அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க, நாமளா செய்யுற வேலை இல்ல. ரெண்டு முறை சொல்லுவாங்க: தரை ஓரமா வரிசையா ஓட்டை போட்டு மண்ணுக்குள்ள மருந்து இறக்குறது, இல்ல கரையான் போற வழியில இரைப் பெட்டி வைக்கிறது. இரை மெதுவா வேலை செய்யும், வாரக்கணக்குல மாசக்கணக்குல ஆகும், ஆனா கூட்டையே ஒழிக்கும், வரிசை வீட்டுக்கு எனக்கு இது தான் நல்லதுன்னு படுது. இரை வச்ச பிறகு பக்கத்துல எதையும் அடிச்சுக் கெடுத்துராதீங்க.

*மழை விட்ட சாயங்காலம் விளக்கைச் சுத்தி ஈசல்*

வெளிய இருந்து வந்தா பயப்பட வேணாம், விளக்கை அணைங்க. உங்க கதவு ஃப்ரேம் விரிசல்ல இருந்து கிளம்பி வந்தா தான் விசயம். நாலு இறக்கையும் ஒரே நீளமா, இடுப்பு ஒடுங்காம இருந்தா கரையான்; முன் இறக்கை நீளமா, இடுப்பு ஒடுங்கி இருந்தா றெக்கை வச்ச எறும்பு.

அறிகுறி 6: காலைல எந்திரிச்சா வரிசையா தடிப்பு

மெத்தைத் தையல், கட்டில் மூலை, தலைமாட்டுப் பலகைப் பின்புறம் பாருங்க. பேனா புள்ளி மாதிரி கறுப்புக் கறை, உரிச்ச தோல் இருந்தா மூட்டைப்பூச்சி. ஹாஸ்டல்ல இருந்து வந்த பை, இனாமா கெடைச்ச மெத்தை, இது ரெண்டும் தான் நான் அதிகம் பாத்த காரணம். வீடு அழுக்குன்னு அர்த்தமில்ல, வெக்கப்பட்டு மறைச்சா தான் பரவும்.

கடை ஸ்ப்ரே பல இடத்துல இதைக் கொல்லுறதில்ல, பழகிப் போச்சு. சூடு தான் கொல்லும். துணி, தலையணை உறை, திரைச்சீலை எல்லாத்தையும் பிளாஸ்டிக் பைல கட்டி டோபி கடைக்கு எடுத்துட்டுப் போய், ட்ரையர்ல அதிகச் சூட்டுல 30 நிமிசம். துவைக்கிறதை விட காய வைக்கிறது தான் முக்கியம். கட்டிலைச் சுவர்ல இருந்து தள்ளிப் போடுங்க. மெத்தையைத் தூக்கி வெளிய போட்டா கிழிச்சுட்டுப் போடுங்க, இல்லாட்டி அடுத்தவங்க எடுத்துட்டுப் போயிருவாங்க, இது நடந்துருக்கு. ரூம் ரூமா பரவிட்டா, இல்ல கடை வீடு மேல்மாடி மாதிரி பலகைத் தடுப்புல நாலு குடும்பம் இருந்தா, எல்லா ரூமுக்கும் ஒரே நாள்ல ஆள் வச்சு செய்யணும்.

அறிகுறி 7: பகல்ல கடிக்கிற கொசு

ஏடிஸ். வாரம் ஒரு தடவை பூத்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி தண்ணித் தட்டு, கூரைத் தண்ணி ஓடுற பீலியைக் கொட்டுங்க, முட்டைல இருந்து கொசு ஆக ஏழு நாள் பத்து நாள் போதும். லோங்காங்கைத் திட்டாதீங்க, ஏடிஸுக்கு சுத்தமான தண்ணி தான் பிடிக்கும். தெருவுல ரெண்டு பேருக்கு டெங்கின்னா மாவட்ட சுகாதார ஆபிசுக்கு ஃபோன் போடுங்க.

அறிகுறி 8: என்ன செஞ்சும் மூணு வாரத்துல திரும்ப வருது

*எஸ்டேட் மருந்து அடிச்சுப் பாத்தாச்சு*

இதைப் பத்தி எனக்குக் கோவம் வரும். எங்க அம்மா எஸ்டேட்ல மருந்து டின்னை முதுகுல சுமந்து அடிச்சவங்க, நகம் எல்லாம் கறுத்து உரிஞ்சு கெடக்கும். அந்த மருந்தை மினரல் தண்ணி போத்தல்ல ஊத்தி வீட்டுக்குக் கொண்டு வர்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. பராக்குவாட் 2020 சனவரி 1ல இருந்து நம்ம நாட்டுல தடை, ஆனா பழைய போத்தல் எத்தனை ஸ்டோர்ல கெடக்கோ. அது புல்லு மருந்து, கரப்பானை ஒண்ணும் பண்ணாது, தண்ணின்னு நெனச்சு குடிக்கிற பிள்ளையைத் தான் பண்ணும். பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) லேபிள் இல்லாம விக்கிற பொடியும் வேணாம். லேபிள்ல எல்.ஆர்.எம்.பி.ன்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பர் இருக்கணும். யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, 999 அடிங்க, போத்தலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க.

*உங்க வீடு சுத்தம், பக்கத்துல இருந்து வருது*

ஃப்ளாட்டுல குப்பைக் குழி, குழாய் ஏறி இறங்குற அறை, பொது லோங்காங் இதெல்லாம் ஜே.எம்.பி.ன்னு சொல்ற கூட்டு நிர்வாகக் குழு பொறுப்பு, 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி. போட்டோ எடுத்து, தேதி போட்டு, கடிதமா குடுங்க, வாய்ல சொன்னா நிக்காது. பதில் இல்லன்னா மஜ்லிஸ்ல, அதாவது நகராண்மைக் கழகத்துல, இருக்குற கட்டட ஆணையர் கிட்ட போகலாம். ரவாங்ல எங்க அக்கா இருக்குற ஃப்ளாட்ல எட்டு மாசம் கரப்பானோட சண்டை போட்டாங்க, கடைசில பாத்தா சிங்க் அடில குழாய் போற ஓட்டை ஒரு கை நுழையுற அளவு, அந்தப் பக்கம் ஆளில்லாத வீடு. அரை மூட்டை சிமெண்டோட முடிஞ்சது.

லயத்துல இருக்குறவங்களுக்கு: எஸ்டேட் குடுத்த வீட்டை நல்லபடியா வச்சிருக்க வேண்டியது நிர்வாகம், தொழிலாளர் வீட்டு வசதி பத்தின 446 ஆம் சட்டம், 1990. முதல்ல ஆபிஸ்ல எழுதிக் குடுங்க, அப்பறம் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் இலாகா).

*ஆளைக் கூப்பிடுறதுன்னு முடிவாச்சு*

மூணு பேரு கிட்ட விலை கேளுங்க. 1974 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசன்ஸ் இருக்கணும், காட்டச் சொல்லுங்க, காட்ட மறுத்தா அனுப்பிருங்க. வீட்டுக்குள்ள காலடி வைக்காம, எந்தப் பூச்சின்னு கூடக் கேக்காம ஃபோன்லயே விலை சொல்றவன் வேணாம். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளிய இருக்கணும், மீன் தொட்டியையும் கைக்குழந்தையையும் என்ன பண்ணணும்னு கேளுங்க. வரிசைல நாலஞ்சு வீடா சேந்து கேட்டா விலையும் இறங்கும், வேலையும் நிக்கும். ரெண்டாவது தடவை எந்தத் தேதி வருவாங்கன்னு ரசீதுலயே எழுதி வாங்கிட்டு, அதுக்கப்பறம் முழுக் காசைக் குடுங்க.